பதினாறு பேர் அலுவலகத்துக்கு ஒரு ரவுட்டர்: தேர்ந்தெடுத்துப் பொருத்திய பதிவு

ஈரோட்டில் உள்ள ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் இணைய அமைப்பைப் புதுப்பித்துத் தரும் பணி என்னிடம் வந்தபோது, அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா ரேஞ்ச் கிடைக்கற ரவுட்டரா ஒண்ணு பார்த்துக் குடுங்க." பதினாறு பேர் பணிபுரியும் அந்த அலுவலகம், முன்பு வீடாக இருந்த ஒரு கட்டடத்தின் தரைத்தளத்திலும் மாடியிலும் இயங்குகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களைத் தாண்டி வைஃபை மாடிக்குச் சரியாக ஏறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கு இருப்பவர்களிடம் தொல்லைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டபோது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் ரேஞ்சுக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது.

ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குரிய 11 ஆம் தேதியையும் 3பி தாக்கலுக்குரிய 20 ஆம் தேதியையும் ஒட்டிய நாள்களில் எல்லாம் மந்தமாகிவிடுகிறது என்றார்கள். அந்நாள்களில் ஜிஎஸ்டி தளமே திணறுவதுண்டு என்பதால், அந்தக் குறையில் எவ்வளவு பங்கு அலுவலகத்துடையது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வீடியோ அழைப்பில் குரல் விட்டுவிட்டு வருகிறது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்புகளுக்கு மாதாமாதம் பணம் கட்டியும், ஒன்று அறுந்தால் யாராவது எழுந்து போய் கேபிளைப் பிடுங்கி மற்றொன்றில் செருக வேண்டியிருக்கிறது. செப்டம்பர் மாதத் தணிக்கை நெருக்கடியில் வீட்டிலிருந்து டாலி கணக்கு மென்பொருளைத் திறப்பதற்கு, இலவசத் திரைப் பகிர்வு மென்பொருள் ஒன்றை நம்பியிருக்கிறார்கள். கடைசியாகச் சொல்லப்பட்டதும் அவர்கள் குறையாகவே கருதாததும் ஆகிய ஒன்று எனக்குப் பெரிய கவலையாகப் பட்டது. வரவேற்பறையில் காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபை கடவுச்சொல்தான் கொடுக்கப்படுகிறது. அதாவது, ஊரில் பாதித் தொழில்களின் கணக்குகள் இருக்கும் வலையமைப்புக்குள், யாருடைய கைப்பேசி வேண்டுமானாலும் நுழையலாம்.

ஆகவே எந்த ரவுட்டர் என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, இருப்பதை அளந்து பார்ப்பதிலிருந்து தொடங்கினேன்.

இருந்தது என்ன

முதல் இணைப்பை வழங்கிய நிறுவனம் கொடுத்திருந்த, ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிதான் அங்கே ரவுட்டர், வைஃபை, முகவரி வழங்கி எல்லாமே. அதிலிருந்து ஓர் எட்டுப் போர்ட் சுவிட்ச், அந்த சுவிட்சிலிருந்து மாடிக்கு இன்னொன்று, அங்கிருந்து மேசைக்கடியில் மூன்றாவது ஒன்று எனக் கம்பிகள் தொடர்ந்து சென்றன. பதினாறு கணினிகள், டாலி தரவு இருக்கும் ஒரு கணினி, ஸ்கேன் செய்த ஆவணங்களுக்கான ஒரு நாஸ் (வலையில் இணைந்த சேமிப்புப் பெட்டி), இரண்டு அச்சுப்பொறிகள், விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி, எட்டுக் கேமராக்களின் காட்சிகளைப் பதியும் என்விஆர், இவற்றோடு ஊழியர்களின் கைப்பேசிகள் ஆகிய அனைத்தும் ஒரே வலையில், 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளோடு கிடந்தன.

அலுவலகத்தின் திட்டம் 100 எம்பிபிஎஸ். வேகச் சோதனையில் அந்த 100 கிடைத்தது. அன்றாடப் பயன்பாடோ பெரும்பாலான நேரம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே திட்டத்தை 200 அல்லது 300 ஆக உயர்த்துவதால் பெரிய பயன் இருக்காது என்பது முதலிலேயே தெளிவாயிற்று. அடுத்ததாக, ஒரு கணினியிலிருந்து இணைய நிறுவனத்தின் முதல் கணுவுக்கு இடைவிடாமல் பிங் (பதில் வரும் நேரத்தை அளக்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பிக்கொண்டே, இன்னொரு கணினியிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றினேன். சும்மா இருக்கும்போது பத்து மில்லிநொடிக்குள் வந்த பதில், மேலேற்றம் தொடங்கியதும் சில நூறு மில்லிநொடிகளாக ஊதிப்போயிற்று. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. குரல் விட்டுவிட்டு வந்ததன் காரணம் இங்கே கிடைத்துவிட்டது.

இதன் பொறிமுறை எளிது. வெளியே செல்லும் வழி நிரம்பியதும், மிகுதியான பொதிகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, பெட்டி தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. அந்த வரிசை நீளமாக இருந்தால், பெரிய கோப்பின் பொதிகளுக்குப் பின்னால் வீடியோ அழைப்பின் சிறிய பொதிகளும் வரித்தளத்தைத் திறக்கும் கோரிக்கைகளும் நின்று முறைக்காகக் காத்திருக்கின்றன. கல்யாணப் பந்திக்கான வரிசையில் ஒரே ஒரு தண்ணீர் டம்ளர் வாங்க வந்தவரும் கடைசியில் நிற்பதைப் போன்ற நிலை இது. அலுவலகத்தில் இணைப்பை நிரப்பியது யார் என்று தேடியபோது, ஸ்கேன் ஆவணங்களைப் பகல் முழுவதும் மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்த நாஸ் அகப்பட்டது. தாக்கல் நாள்களில் ஸ்கேன் அதிகம். எனவே மேலேற்றமும் அதிகம். மாதத்தின் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் எல்லாம் மந்தமானதற்கு ஜிஎஸ்டி தளம் மட்டும் பொறுப்பல்ல.

மூன்றாவதாக, இரண்டு இணைப்புகளிலும் பெட்டிக்கு வெளிப்புறத்தில் கிடைத்திருந்த முகவரியைப் பார்த்தேன். இரண்டுமே 100 என்ற எண்ணில் தொடங்கின; இரண்டாவது எண் 64க்கும் 127க்கும் இடையில் இருந்தது. இந்த வரம்பு, இணைய நிறுவனங்கள் தமது பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்குவதற்காக 2012 இல் ஒதுக்கப்பட்டது; சிஜிநேட் என்று தொழிலில் சொல்வார்கள். இந்த நிலையில் அலுவலகத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பு எதையும் ஏற்க முடியாது. விபிஎன் வசதி (வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இருக்கிறது என்று அட்டைப்பெட்டியில் எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அந்த ரவுட்டரை இங்கே வைத்தால் வீட்டிலிருக்கும் ஊழியரால் அதை எட்டவே இயலாது. ரவுட்டர் வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியவற்றில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன். கடைகளில் இதைப் பற்றிக் கேட்பவரையும் சொல்பவரையும் அரிதாகவே பார்க்கிறேன்.

தேவையிலிருந்து கருவிக்கு

அளவீடுகளுக்குப் பின் தேவை தெளிவானது. இரண்டு வெளி இணைப்புகளை ஏற்று, ஒன்று செத்தால் தானாக மற்றொன்றுக்கு மாற வேண்டும். அதுவும் செத்ததை உண்மையாகக் கண்டறிந்து மாற வேண்டும். மேலே சொன்ன காத்திருப்பு வரிசையைச் சீராக நிர்வகிக்க வேண்டும். ஒரே கம்பியில் பல தனித்தனி வலைகளை ஓட்டும் வீலேன் வசதி வேண்டும். வயர்கார்டு விபிஎன் வேண்டும். தன் செயல்பாட்டுப் பதிவேடுகளை (லாக்) வேறொரு கணினிக்கு அனுப்பத் தெரிய வேண்டும். பல ஆண்டுகளுக்கு மென்பொருள் திருத்தங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும். வைஃபை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. ரவுட்டர் இருக்க வேண்டிய இடம் ஃபைபர் வந்து சேரும் மூலை. வைஃபை இருக்க வேண்டிய இடம் மனிதர்கள் உட்காரும் அறையின் கூரை. இரண்டையும் ஒரே பெட்டியில் தேடினால் ஒன்றை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும்.

அலுவலகத்தார் ஏற்கெனவே இணையக் கடையில் பார்த்து வைத்திருந்த ஆறு ஆன்டெனா வைஃபை 6 ரவுட்டர், இந்த இடத்தில் விலகியது. ஏஎக்ஸ்5400 என்று அதன் மேல் எழுதியிருந்தது. அந்த 5400 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 4804 எம்பிபிஎஸ் என்ற இரண்டு உச்சங்களைக் கூட்டி முழுமைப்படுத்திய எண். பொதுவான மடிக்கணினியில் இருக்கும் இரண்டு ஆன்டெனா வைஃபை 6 அட்டை, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் காகிதக் கணக்கிலேயே 1201 எம்பிபிஎஸைத்தான் எட்டும். அலுவலகத்துக்கு வரும் இணையமோ 100. இந்த எண்களை ஆடிட்டரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டியதும், கணக்குப் படித்தவராதலால், மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, ஆண்டு உரிமத்தோடு வரும் பாதுகாப்புப் பெட்டிகள். உரிமம் முடிந்தால் அவற்றின் புதிய அச்சுறுத்தல் பட்டியல்கள் நின்றுபோகும். மேலும், இன்று இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி மறையாக்கத்தில் செல்வதால், அதைப் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு கணினியிலும் தனிச் சான்றிதழ் நிறுவ வேண்டும். வங்கித் தளங்களையும் வரித்தளங்களையும் அந்தப் பிரிப்பிலிருந்து விலக்கவும் வேண்டும். இந்த அலுவலகத்தின் வேலையே வங்கியும் வரியும்தான் என்னும்போது, விலக்கியபின் மிஞ்சுவதற்கு அந்தத் தொகை அதிகம் என்று கருதினேன். பெரிய நிறுவனங்களுக்கு என் கருத்து வேறாக இருக்கும்.

சிறிய கணினி ஒன்றில் ஓப்பிஎன்சென்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருளை நிறுவுவதும் மேசைக்கு வந்தது. வசதிகளில் அதற்குக் குறையே இல்லை. ஆனால் அந்தக் கணினி ஒருநாள் கிளம்பாமல் போனால் அதே பொருளை ஊரில் உடனே வாங்க முடியாது. நான் வெளியூரில் இருந்தால் அதைத் தொட்டுப் பார்க்கும் துணிவு அங்கே யாருக்கும் இருக்காது. இரண்டு வெளி இணைப்புப் போர்ட்டுகளுடன் வரும் சிறுதொழில் ரவுட்டர்கள் இந்த வகையில் எளிதானவை. அமைப்புப் பக்கங்கள் படித்தாலே புரியும். நான் பரிசீலித்த மாதிரியில், ஒவ்வொரு கணினிக்கும் வேக உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தது. வரிசையைச் சீராக்கும் முறைகள் இல்லை. உச்சவரம்பு என்பது யாரும் பயன்படுத்தாதபோதும் ஒருவரைக் கட்டிப்போடும் ஏற்பாடு. அது எனக்குத் தேவைப்படவில்லை.

இறுதியில் எடுத்தது மைக்ரோடிக் ஹெக்ஸ். லாட்வியாவின் ரிகா நகரில் 1996 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. ஐந்து கிகாபிட் போர்ட்டுகள், வைஃபை கிடையாது, உள்ளங்கை அளவுப் பெட்டி, விலை பத்தாயிரம் ரூபாய்க்குள். வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இதே பெயரில் பழைய வகையும் சந்தையில் கிடைக்கிறது. அதில் 256 எம்பி நினைவகமும் 16 எம்பி சேமிப்பும்தான். இந்நிறுவனத்தின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7 அந்தச் சேமிப்பில் நெருக்கியடித்துத்தான் உட்காரும், புதுப்பிக்கும்போது இடப் பற்றாக்குறை தலைகாட்டும். 2024 இல் வந்த புதிய வகையில் 512 எம்பி நினைவகமும் 128 எம்பி சேமிப்பும் உள்ளன. கடைக்காரர் அனுப்பும் மாதிரி எண்ணைக் கேட்டு உறுதிசெய்த பின்பே பணம் அனுப்பினேன்.

இந்த நிறுவனத்தின் கருவிகளில் 2018 இல் ஒரு கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. ஏப்ரலிலேயே திருத்தம் வெளியிடப்பட்டும், புதுப்பிக்கப்படாமல் கிடந்த இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் மாதக்கணக்கில் கிரிப்டோ நாணயச் சுரங்க நிரல்களுக்கு இரையாகிக் கிடந்தன. இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆடிட்டரிடம் ஒப்புதல் வாங்கினேன். திருத்தம் விரைந்து வந்தது என்பது நிறுவனத்தின் பக்கம். அதைப் போட ஓர் ஆள் வேண்டும் என்பது நம் பக்கம். காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்த்துக்கொண்டோம்.

ரவுட்டரோடு, வைஃபை அலையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட்டுகளுக்குக் கம்பி வழியே மின்சாரம் தரும் 24 போர்ட் மேலாண்மை சுவிட்ச் ஒன்றும், கூரையில் பொருத்தும் வைஃபை 6 ஆக்சஸ் பாயிண்ட் இரண்டும், சுவரில் மாட்டும் சிறிய ரேக் ஒன்றும் வாங்கப்பட்டன. கம்பிவழி மின்சாரத்துக்கான 802.3ஏடி தரப்படி சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 30 வாட் வரை தரும், அதில் 25.5 வாட் கருவியைச் சென்றடைவது உறுதி.

பொருத்தியது

முதலில் முதல் இணைப்பின் ஓஎன்டியை, ரவுட்டர் வேலையை விட்டுத் தரவை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, நிறுவனத்தோடு உள்நுழையும் முறையான பிபிபிஓஇயின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வீலேன் எண்ணையும் கேட்டு வாங்கினேன். உள்ளூர் இணைப்பாளர் ஒத்துழைத்ததால் இது தொலைபேசியிலேயே முடிந்தது. ஆண்டுக் கட்டணம் செலுத்தி இந்த இணைப்புக்கு நிலையான பொது முகவரியும் பெறப்பட்டது. இரண்டாவது நிறுவனம் பிரிட்ஜ் முறைக்கு ஒப்பவில்லை. எனவே அந்தப் பெட்டி தன் ரவுட்டர் வேலையைத் தொடர்ந்து செய்யும். நம் ரவுட்டர் அதற்குப் பின்னால் இன்னொரு முறை முகவரி மாற்றம் (உள்வலை முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வேலை) செய்யும். மாற்று இணைப்புக்கு இது போதும் என்பதால் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. அந்தப் பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்தேன்.

பிபிபிஓஇயில் ஒவ்வொரு பொதியிலும் எட்டு பைட்டுகள் உறைக்குச் செலவாவதால், 1500 என்ற வழக்கமான உச்ச அளவு 1492 ஆகக் குறைகிறது. டிசிபி இணைப்புகள் தொடங்கும்போதே துண்டின் அளவை 1452க்கு மேல் போகாமல் இறுக்கும் விதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலான தளங்கள் திறக்கும், சில மட்டும் பாதியில் தொங்கும். காரணம் தெரியாமல் நாள்கள் போகும்.

உள்வலைக்கு 10.41 எனத் தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தேன். 192.168.1 வேண்டாம் என்று விலக்கியதற்குக் காரணம், ஊழியர்களின் வீடுகளில் உள்ள ரவுட்டர்களில் பெரும்பாலானவை அதே முகவரிகளைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டு முனைகளிலும் ஒரே முகவரி வரிசை இருந்தால், விபிஎன் இணைந்த பிறகும் டாலி கணினியைத் தேடும் கோரிக்கை வீட்டுக்குள்ளேயே சுற்றிவிட்டு நின்றுவிடும்.

வலை மூன்றாகப் பிரிந்தது. அலுவலகக் கணினிகளும் டாலியும் நாஸும் அச்சுப்பொறிகளும் ஒன்றில். கேமராக்களும் வருகைப்பதிவுக் கருவியும் இன்னொன்றில். விருந்தினரும் ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளும் மூன்றாவதில். ஒரே வீலேனுக்குள் நடக்கும் போக்குவரத்து சுவிட்சிலேயே முடிந்துவிடும். வேறு வீலேனுக்குப் போவது மட்டுமே ரவுட்டர் வரை ஏறி இறங்கும். அதனால்தான் நாஸையும் கணினிகளையும் ஒரே வீலேனில் வைத்தேன். பாதுகாப்பின் பெயரால் அவற்றைப் பிரித்திருந்தால், ஒவ்வொரு கோப்பும் இந்தச் சிறிய ரவுட்டரின் வழியே ஒரே கம்பியில் போய்வர வேண்டியிருக்கும். கேமரா வலைக்கு நேரம் ஒத்திசைப்பதைத் தவிர இணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. என்விஆரைக் கைப்பேசியில் பார்க்க ஆடிட்டர் விரும்பினார். அதற்குத் தயாரிப்பாளரின் மேகச் செயலி வேண்டாம், விபிஎன் வழியே பாருங்கள் என்று அமைத்துக் கொடுத்தேன். 2016 இல் மிராய் தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் மாற்றப்படாமல் விடப்பட்டிருந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் கொண்டே தன் படையைத் திரட்டியது என்பதை இந்த விஷயத்தில் நான் மறப்பதில்லை.

விருந்தினர் வலையில், கொடுத்த முகவரி ஒரு கருவியின் பெயரிலேயே இருக்கும் குத்தகைக் காலத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தேன். இப்போதைய கைப்பேசிகள் தம் வன்பொருள் முகவரியை மறைத்துப் புதுப்புது முகவரிகளோடு வரக்கூடும்; ஒரு நாள் குத்தகை என்றால், வந்து போனவர்களின் பெயரிலேயே முகவரிகள் தீர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு.

வைஃபையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட் என்று வைத்ததுமே ரேஞ்ச் என்ற பேச்சு முடிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தோடு 1 ஆம், 11 ஆம் சேனல்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 36உம் 149உம். அலுவலக வலைக்கு வைஃபை மறையாக்க முறைகளான டபிள்யூபிஏ2, 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை, ஏனெனில் ஓர் அச்சுப்பொறிக்கு 3 தெரியாது. கடவுச்சொல் இல்லாமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதி அணைக்கப்பட்டது.

வரிசையைச் சீராக்க, ரவுட்டர்ஓஎஸ் 7இல் உள்ள கேக் என்ற முறையை முதல் இணைப்பின் இரு திசைகளிலும் 90 எம்பிபிஎஸ் என்ற வரம்போடு வைத்தேன். வரம்பை உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே வைப்பதன் நோக்கம், வரிசை உருவாகும் இடம் ஓஎன்டியிலிருந்து நம் ரவுட்டருக்கு நகர வேண்டும் என்பதே. நம்மிடம் உருவாகும் வரிசையைத்தான் நாம் நிர்வகிக்க முடியும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. இந்தக் கருவிகள் தொழிற்சாலை அமைப்பில் ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழியைப் பயன்படுத்தி, நிலைபெற்ற இணைப்புகளின் பொதிகளை வரிசைகளைத் தொடாமல் அனுப்பிவிடுகின்றன. வேகச் சோதனையில் பெரிய எண் வருவது அதனால்தான். வரிசை நிர்வாகம் வேண்டுமானால் அந்த விதியை நீக்க வேண்டும். நீக்கினால் மொத்தச் சுமையும் செயலியின் மேல் விழும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குச் செயலி அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு கிகாபிட் இணைப்பு வைத்திருப்பவர், இதே வேலைக்கு இதைவிட வலிமையான கருவியைத்தான் பார்க்க வேண்டும். மேலேற்றச் சோதனையை மறுபடி செய்தபோது, சில நூறுகளாக ஊதியிருந்த தாமதம் இருபதுகளிலேயே நின்றது. நாஸின் மேலேற்றத்தை நிறுத்தவும் இல்லை, இரவுக்குத் தள்ளவும் இல்லை.

இணைப்பு மாறும் விதம்

அதிக நேரம் எடுத்ததும், கருவியைத் தேர்ந்தெடுத்ததன் பயனை முழுமையாகக் காட்டியதும் இந்தப் பகுதிதான்.

இரண்டு இணைப்புகள் இருந்தால் இரண்டையும் கூட்டி 200 ஆக்கலாமே என்பது இயல்பாக எழும் ஆசை. ஒவ்வொரு புதிய இணைப்பையும் மாற்றி மாற்றி இரண்டு வழிகளிலும் அனுப்பும் ஏற்பாடு பல ரவுட்டர்களில் உண்டு. ஆனால் வங்கித் தளங்களிலும் அரசுத் தளங்களிலும், உள்நுழைந்த ஒருவரின் அடுத்த கோரிக்கை வேறொரு முகவரியிலிருந்து வந்தால் அமர்வு முறிக்கப்படலாம். டிஜிட்டல் கையொப்பம் இடும் நேரத்தில் அப்படி நடந்தால் படிவத்தை முதலிலிருந்து நிரப்ப வேண்டும். ஆகவே சுமையைப் பங்கிடாமல், வலையைப் பங்கிட்டேன்: அலுவலக வலை முதல் இணைப்பில், விருந்தினர் வலை எப்போதும் இரண்டாவதில். முதலாவது செத்தால் அலுவலகமும் இரண்டாவதற்கு மாறும். இரண்டாவது செத்தால் விருந்தினர் காத்திருக்கட்டும் என்று ஆடிட்டரே முடிவு செய்தார்.

இணைப்பு செத்ததை எப்படி அறிவது என்பது அடுத்தது. பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குப் பிங் அனுப்பிப் பார்ப்பதுதான் எளிய முறை. ஆனால் இரண்டாவது நிறுவனத்தின் பெட்டி ரேக்கிலேயே நம் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். முதல் இணைப்பிலும், பிபிபிஓஇ நிலைத்திருக்கும்போதே நிறுவனத்துக்கு அப்பால் வழி அடைபடுவதுண்டு. எனவே, முதல் இணைப்பின் உயிரை 1.1.1.1 என்ற தொலைதூர முகவரியை வைத்தும், இரண்டாவதை 9.9.9.9 ஐ வைத்தும் சோதிக்குமாறு தொடர் வழித்தடங்களை அமைத்தேன். ஒவ்வொரு சோதனை முகவரியும் தனக்குரிய இணைப்பின் வழியாக மட்டுமே செல்லும்படி கட்டப்பட்டிருக்கிறது. பொதுவான வழித்தடம் அந்த முகவரியைச் சார்ந்து நிற்கிறது. பத்து நொடிக்கு ஒருமுறை சோதனை. தொடர்ந்து இருமுறை பதில் இல்லையென்றால் வழி மூடப்படும்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. இணைப்பு அறுந்து பிபிபிஓஇ விழுந்தால், அதன் வழியே உருவான முகவரி மாற்றப் பதிவுகளை ரவுட்டர் தானே துடைத்துவிடும். பிபிபிஓஇ விழாமல், தொலைவில் மட்டும் வழி அடைபட்டால் அந்தப் பழைய பதிவுகள் அப்படியே நிற்கும். நடந்துகொண்டிருக்கும் வீடியோ அழைப்பின் யுடிபி பொதிகள் பழைய முகவரியை ஒட்டிக்கொண்டு போக இடமின்றித் தவிக்கும். வழித்தடம் மாறியதும் அந்தப் பதிவுகளை நீக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதி, இணைப்பைக் கண்காணிக்கும் நெட்வாட்ச் வசதியோடு இணைத்தேன்.

சனிக்கிழமை மாலை, அலுவலகம் கலைந்த பிறகு சோதித்தோம். முதல் ஓஎன்டியிலிருந்து ஃபைபரைக் கழற்றியதும், இரண்டு கணினிகளில் ஓடிக்கொண்டிருந்த பிங் சிறிது நேரம் நின்று, இரண்டாவது இணைப்பின் வழியே தொடர்ந்தது. அடுத்து ஃபைபரைத் தொடாமல், 1.1.1.1க்குச் செல்லும் பொதிகளை மட்டும் ரவுட்டரிலேயே தடுத்து, தொலைவில் அடைபடும் நிலையைப் போலியாக உருவாக்கினோம். ஏறத்தாழ இருபது நொடிகளில் மாற்றம் நடந்தது. வீடியோ அழைப்பு திக்கி, அதே அழைப்பாகவே மீண்டது. சோதனைக்கு ஈடுகொடுத்த மூத்த கணக்காளர், "இனி எந்திரிச்சுப் போய் வயரை மாத்த வேண்டியதில்லீங்களா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

விபிஎன் வயர்கார்டில் அமைந்தது. ஐந்து பேரின் மடிக்கணினிகளுக்கும் ஆடிட்டரின் கைப்பேசிக்கும் தனித்தனிச் சாவிகள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய சாவியை மட்டும் நீக்கினால் போதும். சாவி இல்லாதவர் அனுப்பும் பொதிக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது என்பதால், வெளியிலிருந்து துழாவுபவருக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே தெரியாது. நிலையான முகவரி முதல் இணைப்புக்கு மட்டுமே இருப்பதால், அது செத்திருக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து வர முடியாது. மேகக் கணினி ஒன்றை இடையில் வைத்து இதைத் தீர்க்கலாம். அந்தச் செலவு இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம்.

நிர்வாகப் பக்கத்தை அலுவலக வலையிலுள்ள ஒரே ஒரு கணினிக்கு மட்டும் திறந்து, டெல்நெட், எஃப்டிபி போன்ற தேவையற்ற சேவைகளை மூடினேன். பதிவேடுகள் நாஸுக்குச் செல்கின்றன. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை பதிவேடுகளை 180 நாள் காக்கச் சொல்கிறது. ரவுட்டரின் சொந்தச் சேமிப்பில் அவற்றை எழுதினால் இடமும் போதாது, சேமிப்புச் சில்லும் தேயும். இரண்டு ஓஎன்டிகள், ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கின்றன. ஆக்சஸ் பாயிண்ட்டுகளுக்கு சுவிட்ச் வழியாகவே மின்சாரம் போவதால், மாடியில் தனி யுபிஎஸ் தேவைப்படவில்லை. சிறிய மின்தடைக்கு இது தாங்கும்; மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் கணினிகளோடு சேர்த்து இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

அமைப்பின் காப்புப் பிரதி ஒன்று நாஸிலும் இன்னொன்று ஆடிட்டரின் பென்டிரைவிலும் இருக்கிறது. எந்தப் போர்ட்டில் எது, எந்த வீலேனில் எது என்று அச்சிட்ட தாளை ரேக்கின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இரண்டு வேலைகள் மிச்சமிருக்கின்றன. மாடியின் பின்பக்கப் பதிவேட்டு அறைக்கு ஒரு கம்பி இழுக்க வேண்டும். இரண்டாவது இணைப்பு ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிகளையும் தருகிறது என்பதால், அதற்கான தடுப்பு விதிகளை எழுதி முடிக்கும்வரை உள்வலையில் ஐபிவி6 அணைக்கப்பட்டே இருக்கும்.